தோளில் இருந்த விரல்கள்

மேடம்: சார், அவர்கிட்ட சொல்லுங்க. கல்லை இன்னும் ஒரு நூல் அளவு இறக்கணும்.

அதிகாரி: யார்கிட்ட? இதோ பக்கத்துல நிக்கிற மேஸ்திரிகிட்டயா?

மேடம்: அவர்கிட்டதான்.

அதிகாரி: மேஸ்திரி, ஒரு நூல்...

மேஸ்திரி: கேட்டுச்சு சார். சங்கிலியில தொங்குறது கல்லு, பஞ்சு மூட்டை இல்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. மெதுவாத்தான் இறங்கும்.

அதிகாரி: நான் இந்த மியூசியத்துக்குப் புதுசு. சிலையைச் சீர் பண்றவங்க நீங்க, தூக்கி வைக்கிறவர் அவர். நடுவுல நான் எதுக்கு? இங்க வழக்கமே இப்படியா?

மேஸ்திரி: பெரிய வேலைன்னா இப்படித்தான் சார்.

மேடம்: சின்ன மனசுன்னா இப்படித்தான்.

அதிகாரி: ...சரி. இந்தப் பொண்ணு சிலைக்கு 'துயரம்'னு பேர் போட்டிருக்கே. பாத்தா பாவமாத்தான் இருக்கு. தலையைத் திருப்பிக்கிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கிட்டு...

மேடம்: தனியா நின்னா அப்படித்தான் தெரியும். தோளைப் பாருங்க, மூணு மேடு. உடைசல்னாங்க. நான் மட்டும், இல்ல, அது விரல், யாரோ பக்கத்துல நின்னிருக்கான்னு சொன்னேன்.

அதிகாரி: அதுக்கு?

மேடம்: மியூசியம் மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாருமே.

மேஸ்திரி: சார், அதுல ஒருத்தன், பக்கத்துல இருக்கறவன் சிரிச்சான்னு சிரிச்சிட்டான். ஒரே ஒரு தடவை.

மேடம்: அந்த ஒரு தடவையே போதும்னு சொல்லுங்க.

அதிகாரி: அடேங்கப்பா... சரி, சங்கிலியில தொங்குற இந்த ஆம்பளைப் பாதி எங்க கிடைச்சுது?

மேஸ்திரி: பழைய கிடங்குல. உடைஞ்ச தூணுங்களுக்கு அடியில குப்புறக் கிடந்தான்.

அதிகாரி: யாரு தேடினா?

மேஸ்திரி: யாரு தேடுவா... தானா கிடைச்சுது.

மேடம்: தூணெல்லாம் தானா நகந்துச்சாக்கும்!

மேஸ்திரி: ...இறங்குது. கையை எடுக்கச் சொல்லுங்க சார்.

மேடம்: எடுத்தாச்சு. இது பொருந்தலைன்னா நாளைக்கே 'துயரம்'ங்கிற அந்தப் பேரைக் கல்வெட்டா வெட்டி வச்சிடுவாங்க. இவ காலத்துக்கும் அழுமூஞ்சி, நான் கோமாளி.

மேஸ்திரி: பொருந்தும்னு சொல்லுங்க.

அதிகாரி: பொருந்துமாம்.

மேடம்: இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க!

அதிகாரி: மேடம், நேராவே சொல்லிட்டீங்க!

மேடம்: கல்லுக்குச் சொன்னேன்.

அதிகாரி: கல்லுக்கா இவ்வளவு மரியாதை?

மேஸ்திரி: அடியில முட்டுக்கட்டை கொடுத்தாச்சு. இனி ஆடாது. சார்... அவ தோளைப் பாருங்க.

அதிகாரி: அம்மாடி! விரல், கை, முழங்கை... எல்லாம் ஒண்ணாச் சேந்துடுச்சே! நடுவுல ஒரு முடி நுழையாது!

மேஸ்திரி: அவன் மூஞ்சியப் பாருங்க. எப்படிக் கெஞ்சுறான்!

மேடம்: இப்போ இந்தப் பக்கம் வந்து இவளைப் பாருங்க. உதட்டோரம்.

அதிகாரி: அட... சிரிப்பை அடக்கிக்கிட்டு இல்ல நிக்கிறா! அழுகையே இல்ல இது. கோவிச்சுக்கிட்டு...

மேடம்: ஊடல் சார்! அதுக்குன்னே ஒரு வார்த்தை வச்சிருக்கோம் பாருங்க. ராஜா இல்ல, போர் இல்ல, யானை இல்ல. ஒருத்தி முறுக்கிக்கிட்டதையும் ஒருத்தன் கெஞ்சினதையும் அந்தக் காலத்துலயே கருங்கல்லுல செதுக்கியிருக்காங்க. வீட்டுக்குள்ள நடக்கிற இந்தச் சின்ன விஷயமும் காலத்துக்கும் நிக்கணும்னு எவனோ நினைச்சிருக்கான். அவன் வழியில வந்தவங்க நாமன்னு நினைச்சா எனக்கு நெஞ்சே நிறைஞ்சு போகுது.

மேஸ்திரி: சிரிச்சவங்க எல்லாரையும் கூப்பிடுங்க சார், வந்து பாக்கட்டும். அன்னிக்கு இவங்க ஒத்தை ஆளா நின்னு சொன்ன மாதிரி அது விரல்தான். எனக்குப் பெருமையா இருக்குன்னு... சொல்லுங்க.

அதிகாரி: மாட்டேன், நீங்களே சொல்லிக்கோங்க. இவ்வளவு பெருமையை மனசுல வச்சுக்கிட்டு ஏன் நேரா பேசறதில்ல?

மேஸ்திரி: அது... வேலை விஷயம் சார்.

மேடம்: வீட்டு விஷயம் சார். இத்தனை நாளா என் மெத்தையெல்லாம் கிடங்கு மண்ணு. யாரு தேடினதுன்னு கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? ...ஏங்க, இன்னும் எதுக்கு அந்தச் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு? அவன்தான் சேந்துட்டானே, விடுங்க.