அறுந்ததாகச் சொன்ன விண்ணிழை: டாக்டர் இந்துமதி அவர்களுக்குப் பணி நிறைவு மடல்

அண்டத்தின் ஆழம் அளந்த அறிவே! அதட்டலுக்குள் அன்பை ஒளித்த அம்மையே! சிரம்பான் வணிகக் குடும்பத்தில் பிறந்து, நீலாய்க் கல்லூரியின் ஜன்னலில்லா அறைக்குள் வானத்தையே விரித்துவைத்த எங்கள் டாக்டர் இந்துமதி அவர்களே! வணக்கம்.

தங்களைப் பொறுமைக் கடல் என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. கணினி தாமதித்தால் மேசையைத் தட்டுவீர்கள்; நாங்கள் தாமதித்தால் எங்களைத் தட்டாததுதான் குறை. ஆனால், வேலை தேடி வந்த ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளிடம் “உனக்கு இது வருமா?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “உட்காரு, பாரு” என்றீர்கள். உட்கார்ந்தோம், பார்த்தோம், வந்தது.

பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில், விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்காய்க் குழுமிய திரள் ஒன்றைத் தாங்கள் ஆராய்ந்தீர்கள். லிங்கி ஆற்றுக்கு ஓடை வந்து சேர்வதுபோல், அத்திரளுக்கு மண்டலங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் நீண்ட இழை ஒன்று உண்டென்றீர்கள். பணிக்காலத்தின் பாதியை அதற்கே கொடுத்தீர்கள். சென்ற ஆண்டு ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பியனுப்பியது: இழை நடுவில் அறுந்திருக்கிறதாம், இரண்டு துண்டும் உறவில்லாத கூட்டங்களாம்! ஓய்வோ நெருங்கியது. தாங்கள் மதியச் சோற்றை அப்படியே மூடிவைத்ததை நாங்கள் பார்த்தோம்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க நிறுத்துவதுபோல் எங்களை நிறுத்தி, வானப்படத்தை நிரைநிரையாகப் பங்கிட்டுக் கொடுப்பவர் மூத்த உதவியாளர் மணியம் அண்ணன். ஒருநாள் வரைபடத்தில் இழை அறுந்த இடத்தில் விரல் வைத்துத் தாங்கள் கேட்டீர்கள்:

“இந்த ஓரத்தை யாருப்பா பார்த்தது?”

“அது ஷாமினி நிரை, மேடம்” என்றார் எங்களில் பக்கத்து நிரையைப் பார்த்த முகுந்தன்.

“ஐயோ, உன்னோடது லா! அடுத்தவங்க நிரையில நான் ஏன் கை வைக்கணும்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா காலை ஒடிச்சிருவாரு!” என்றார் ஷாமினி.

மண்டோர் எனும் கங்காணியைக் கேட்காமல் அடுத்தவர் நிரை மரத்தில் பால்வெட்டுக் கத்தி வைப்பது தோட்டத்தில் பெருங்குற்றம். அந்த மரியாதையிலேயே இருவரும் எல்லையைத் தொடாமல் விட்டிருந்தார்கள். வரைபடத்தில் அந்தப் பட்டை வெறுமையாகிவிட்டது. இடி விழும் என்று மூச்சைப் பிடித்து நின்றோம். தாங்களோ, “அடப்பாவிகளா, வானத்துலயும் மண்டோரைக் கேட்டுத்தான் தொடுவீங்களா?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

பிறகு, வெளிநாட்டுத் தொலைநோக்கியில் கெஞ்சி நேரம் வாங்கி, அந்தப் பட்டையில் இருந்தவற்றின் ஒளியைப் பகுத்துத் தொலைவு கண்டோம். சில எங்கோ பின்னால் கிடந்தவை. அவற்றைத் தயங்காமல் தள்ளினீர்கள். மற்றவை திரளின் தொலைவிலேயே, ஒன்றையடுத்து ஒன்றாய், இழை விட்டுப்போகாமல் நின்றன. போன வாரம் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அப்பாடா! மணியம் அண்ணன் எல்லாருக்கும் தேநீர் வாங்க ஓடினார். வரும் வழியிலேயே தம்முடையதோடு தங்களுடையதையும் குடித்துவிட்டு வந்தார். தாங்கள் அதற்கும் திட்டவில்லை. அன்று மதியம் சோற்றுக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

சர்க்கரை ஏறாமல், மூட்டு பிடிக்காமல், முன்கோபம் மட்டும் சற்றே தணிந்து, தாங்கள் நெடுங்காலம் நலமாய் வாழ்க! இந்த மேடையில் தங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமோ என்று ஓராண்டாய்ப் பயந்துகிடந்தோம், மேடம். அதற்கு வேலையில்லாமல் போயிற்று. மாலை போட்டுக்கொண்டு, மகராசியாய்ப் போய் வாருங்கள்!

தங்கள் அதட்டலுக்குப் பழகிப்போன,
வானாய்வுப் பிரிவுப் பணியாளர்கள்,
நீலாய்.