இறகு அம்மா

நல்ல லேப்டாப் சார் அது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இப்போது அதன்மேல் பழியைப் போடப் பார்க்கிறார்கள். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அலுவலகத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். என்னிடமும் ஒன்று இருக்கிறது; இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

அதை வாங்கியவர்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எழுதுகிற அனுபவங்களைப் படித்துப் பதில் போடுவது என் வேலை. தேவைப்பட்டால் கூப்பிட்டும் பேச வேண்டும். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் என் நாற்காலியில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். தொப்பையின் மேல் வைத்துப் படம் பார்க்க வசதியாக இருக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார். பையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று இன்னொருவர் அலுத்துக்கொண்டு ஐந்தில் இரண்டு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார். லேசாக வேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவரேதான். இவர்களுக்கெல்லாம் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று நான் எழுத வேண்டும். எழுதினேன். முகம் சுளிப்பது அந்தப் பக்கம் தெரியாது என்பது இந்த வேலையில் உள்ள ஒரே சுகம்.

இறகு அம்மாவும் அப்படி வந்து சேர்ந்தவர்தான். பெயர் நான் வைத்தது. 'இறகு மாதிரி லேசு' என்று தொடங்கி, ஒரு குடும்பக் கதையையே எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். வீட்டில் இருந்தபடியே ஏதோ காப்பீட்டு நிறுவனத்துக்குப் படிவங்களைச் சரிபார்க்கிற வேலை. மாமியார் படுத்த படுக்கை. ஒரு கையில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க முடிகிறதாம். லேப்டாப் எப்படி என்று கேட்டால் மாமியார் எப்படி என்று எழுதுகிறவரை என்ன செய்வது? நன்றி சொன்னேன்.

கொஞ்ச காலம் கழித்து மறுபடி எழுதினார். அடிப்பக்கம் உப்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது, மூடி சரியாக மூட மாட்டேன் என்கிறது. இந்த மாதிரி ஆட்களுக்கென்று எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு: 'சமதளமான இடத்தில் வைத்துப் பயன்படுத்தவும்.' அதைப் போட்டேன். திரும்ப எழுதினார். திரும்ப அதையே போட்டேன். உடனே ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டு, எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: 'அங்கே மனுஷங்க யாராவது இருக்கீங்களா, இல்ல மெஷின்தான் பதில் சொல்லுதா?'

அந்த வரியை என் மேலாளர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காது மட்டும் சுட்டது. ஊரில் உள்ளவர்களின் தொப்பையையும் மாமியாரையும் வாய் திறக்காமல் படித்துச் சகித்தவன் நான். என்னைப் பார்த்து நீ மனுஷனா என்று கேட்க, உட்கார்ந்த இடத்தில் படிவம் பார்க்கிற ஒருத்திக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சரி, மனுஷனாகவே பேசிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

"நீங்களாவது கூப்பிட்டீங்களே தம்பி," என்றார். எடுத்த எடுப்பிலேயே உறவு கொண்டாடுகிறார். "அடியில நல்லா உப்பிப்போச்சு. அத்தை ரூம்ல உக்காந்துதான் வேலை பாக்குறேன். அவங்களால எழுந்திருக்கக்கூட முடியாது. ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் ஆகாதும்மா. வேலை முடிஞ்சதும் மூடிட்டு, மேல கனமா எதையாவது ஏத்தி வைங்க. சார்ஜும் ஓடட்டும். அந்தச் சூட்டுல தானா படிஞ்சிடும்."

"கனம்னா... அத்தையோட பழைய தையல் மெஷின் இருக்கு. முழுக்க இரும்பு. போதுமா?"

"தாராளமா போதும்."

"அது அவங்க கட்டில்கிட்டதான் கிடக்கு. அங்கயே வச்சிடவா தம்பி?"

"அங்கயே வைங்கம்மா," என்றேன். என் குரலில் அவ்வளவு கனிவு இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, ஆட்கள் இருக்கிற அறையில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவனே நான்தான். அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த அம்மாவிடம் பேசினேன். வரிக்கு வரி நேர்மாறாகச் சொன்னேன். மறதியில் நடந்துவிட்டது என்று சொல்லும்படி கம்பெனி வக்கீல் கெஞ்சுகிறார். அவரும் அந்த இரண்டு நட்சத்திரம் பிடிக்கிற கூட்டத்தில் சேர்ந்தவர்தான். எனக்கு மறதி கிடையாது. தீப்பிடிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் இறகு அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் தீ பிடித்துக்கொண்டது என்றீர்கள். அந்த மாமியார் கட்டிலில் இருந்து இறங்கப் பார்த்த அடையாளம் இருந்தது என்றும் சொன்னீர்கள். இருக்கலாம். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை சார். அவர் எதையும் எழுதியவர் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசி முடித்ததும் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு கேள்வி போகும்: உங்களிடம் பேசியவர் எப்படி நடந்துகொண்டார்? இறகு அம்மா உடனே பதில் போட்டிருக்கிறார். ஐந்து நட்சத்திரம். 'கடைசியில ஒரு நல்ல மனுஷன் பேசினார்' என்று எழுதியிருக்கிறார். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்கூடப் பார்த்தேன். இன்னும் அதை அவர் மாற்றவில்லை சார்.