விபத்து நடந்ததால் வழி இல்லை

அவைத் தலைமையேற்று, வலை முடையும் விரல்களால் மேசை மணியைத் தட்டி என்னை அழைத்த மீனவர் கூட்டுறவு மகளிரணித் தலைவி இசோகாய் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முதுகு வளையாமல் வீற்றிருக்கும் உராசாவா நகர மேயர் கஷிவாதே ஐயா அவர்களே! நான் வாய் திறக்கும் முன்பே குறிப்பேட்டைத் திறந்துவிட்ட நகரமன்ற உறுப்பினர்களே! கடற்பாசி காயப்போட்ட கையோடு, காயாத கையுறையோடு ஓடிவந்திருக்கும் தோனோசாக்கித் தாய்மார்களே! பெரியோர்களே! நான் தடுமாறினால் சிரிப்பதற்கென்றே பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் வகுப்புத் தோழிகளே! நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவி மினாசே சிஹோ, உங்கள் அனைவர் முன்பும் தலை வணங்குகிறேன்.

எனக்குத் தந்த நேரம் பத்து நிமிடம். தந்த தலைப்பு 'பாதுகாப்பான நம் ஊர்'. நேரத்தை நான் காப்பாற்றிவிடுவேன். தலைப்பைக் காப்பாற்றுவது மேயர் ஐயாவின் கையில் இருக்கிறது.

நம் ஒரே சாலை எங்கே தொடங்குகிறது? நகர அலுவலக வாசலில். எங்கே முடிகிறது? நிலமே முடிந்துபோகும் எங்கள் தோனோசாக்கியில். நடுவில் என்ன இருக்கிறது? ஒருபக்கம் மலை, மறுபக்கம் அலை, இரண்டுக்கும் நடுவே எரிபொருள் கிடங்கு! அணு உலையில் எரிந்து முடிந்த பின்னும் சூடு தணியாத எரிபொருளை உலோகக் கலன்களில் அடைத்து அங்கே அடுக்கியிருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான். ஐம்பதே ஆண்டுகள். எனக்கு இப்போது பதினைந்து வயது. இந்தத் தற்காலிகம் முடியும்போது அறுபத்தைந்து. சிரிக்காதீர்கள் தோழிகளே, உங்களுக்கும் அதே வயதுதான்.

வரும் செவ்வாய்க்கிழமை, மேலும் நாற்பது கலன்களைக் கொண்டுவர நகரமன்றம் வாக்களிக்கப் போகிறது. உறுப்பினர்கள் கையில் ஓர் அறிக்கை இருக்கிறது. அதன் முதல் வரி என்ன? 'அக்டோபர் மாத வெளியேற்றப் பயிற்சி திட்டமிட்டபடி நிறைவேறியது.'

அவையோரே, அந்தப் பயிற்சியில் நானும் இருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி முழங்கியது. "இது பயிற்சி. கிடங்கில் விபத்து. உடனே வெளியேறவும்." எங்கள் ஊரில் அறுபத்து மூன்று பேர். அன்று ஊரில் இருந்த முப்பத்தொரு பேர் தலைக்கவசம் மாட்டி வரிசையாகப் பேருந்தில் ஏறினோம். ஓட்டுநர் ஒதாகிரி அக்கா ஒரு நொடி பிந்தாமல் வண்டியை எடுத்தார். கிடங்கின் வாசலுக்கு வந்தோம். சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டை. கட்டைக்குப் பின்னால், நம் அனைவருக்கும் தெரிந்த காவலர் நுக்குயி ஐயா.

"அக்கா, வண்டியைத் திருப்புங்க. ரோடு மூடியாச்சு."

"ஏன் சார்?"

"கிடங்குல விபத்து."

"தெரியும் சார். அதனாலதான் ஓடி வர்றோம்."

"விபத்துன்னா இந்தப் பக்கம் ஒருத்தரையும் விடக் கூடாது. உத்தரவு."

"அப்ப நாங்க எந்தப் பக்கம் தப்பிக்கிறது? கடலுக்குள்ளயா?"

நுக்குயி ஐயா கையேட்டைப் புரட்டினார். முன்னிருந்து பின்னாகப் புரட்டினார், பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"ரொம்ப மன்னிக்கணும். விபத்து நடந்திருக்கறதால, இன்னிக்கு உங்களால விபத்துலேர்ந்து தப்பிக்க முடியாது."

நாங்கள் என்ன செய்தோம்? கோபப்பட்டோமா? குரல் உயர்த்தினோமா? முப்பத்தொரு பேரும் இருந்த இடத்திலேயே பதிலுக்குக் குனிந்தோம். முன் இருக்கைகளில் தலைக்கவசங்கள் டக், டக், டக்!

ஒரு மணி நேரம் போயிற்று. வாசலில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்று கிடங்கு ஊழியர்களுக்குத் தெரிந்துவிட்டது. சூடான தேநீரோடும், கிடங்கின் சின்னமான சிரிக்கும் பீப்பாய்ப் படம் போட்ட துண்டுகளோடும் வந்தார்கள். இசோகாய் அம்மையார்தான் கேட்டார்.

"ஏன் தம்பி, இந்நேரம் நீங்க முகமூடி மாட்டிக்கிட்டு உள்ளே பதுங்கி இருக்கணுமே?"

"எங்க பங்கு பத்து மணிக்கே முடிஞ்சிருச்சுங்க. இன்னொரு டீ தரட்டுமா?"

அந்த இன்னொரு டீயை வாங்கவில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம், அம்மையாரே! பாருங்கள், துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

பத்து ஐம்பதுக்கு ஒலிபெருக்கி மீண்டும் முழங்கியது. "அனைவரும் பாதுகாப்பாக வெளியேறிவிட்டனர். பயிற்சி வெற்றி." வெளியேறிய நாங்கள் கட்டைக்கு உள்ளே இருந்தபடி அதைக் கேட்டுக் கைதட்டினோம். கட்டை தூக்கப்பட்டது. பயிற்சிதான் முடிந்துவிட்டதே என்று, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று மாலையே நூலகத்தில் வெளியேற்றத் திட்டத்தை எடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். எனக்கு முன் அதை யாரும் இரவல் வாங்கியதில்லை. அறுபத்தோராம் பக்கம் சொல்கிறது: 'விபத்து நேர்ந்தவுடன் கிடங்குச் சாலை மூடப்படும்.' எண்பத்தெட்டாம் பக்கம் சொல்கிறது: 'தோனோசாக்கி மக்கள் கிடங்குச் சாலை வழியே வெளியேறுவர்.' இரண்டையும் எழுதிய அலுவலர்களைத் தேடிப் போனேன். ஒரே மாடி, ஒரே அறை, முதுகோடு முதுகு ஒட்டிய நாற்காலிகள்! "நாங்க எழுதினது சரியாத்தானேம்மா இருக்கு" என்றார் ஒருவர். "நாங்க எழுதினதும் சரிதான்" என்றார் மற்றவர். காவலர் செய்தது சரி, ஓட்டுநர் செய்தது சரி, எழுதியவர் சரி, எல்லாம் சரி. எல்லாரும் சரியாக இருந்ததால்தான் நாங்கள் உள்ளேயே இருந்தோம்!

என்ன ஐயா? படகு இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது உறுப்பினர் ஐயா, திட்டத்தில் படகும் இருக்கிறது. அன்று அலை கொஞ்சம் உயரம். பயிற்சிக்கே ஆபத்து என்று படகை ரத்து செய்துவிட்டார்கள்.

இவ்வளவு நேரம் சிரித்தோம். பேருந்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்போது பின் இருக்கையிலிருந்து மிவாகோ அக்கா மெல்லக் கேட்டார். ஏழு மாதக் கர்ப்பிணி அவர். "நெசமாவே நடந்தா, என்னை யார் வெளியே கூட்டிட்டுப் போவாங்க?" அந்தக் கேள்விக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்கக்கூட ஒருவரும் இல்லை.

நுக்குயி ஐயா அங்கே எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா.

"சிஹோ, மறைக்க விரும்பலை. நெசமா நடந்தாலும் நான் கட்டையைப் போடத்தான் செய்வேன். உத்தரவு அப்படித்தான் இருக்கு."

முன்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையென்றால் நான் உரக்கச் சொல்கிறேன். நெசமா நடந்தாலும் கட்டை விழும்! இந்த மண்டபத்தில் இன்று பேசப்பட்டவற்றிலேயே நேர்மையான பேச்சு அது. அவரை மாற்றாதீர்கள். அவர் கையிலுள்ள உத்தரவை மாற்றுங்கள். மலையைச் சுற்றி எங்களுக்கு இன்னொரு சாலை போடுங்கள். சாலை வரும்வரை அந்த நாற்பது கலன்களும் வர வேண்டாம்.

முடியாது, செவ்வாய்க்கிழமை வாக்களித்தே தீருவோம் என்கிறீர்களா? சரி. அந்தக் கூட்டத்தை எங்கள் தோனோசாக்கிச் சமூகக் கூடத்தில் நடத்துங்கள். தலைக்கவசம் நாங்கள் தருகிறோம். நீங்கள் உள்ளே வந்ததும் கட்டை விழும். விவாதியுங்கள், வாக்களியுங்கள், வேண்டுமானால் எல்லாரும் சம்மதம் என்று கை தூக்குங்கள். பிறகு வீடு திரும்ப வழி தேடுங்கள். கண்டுபிடித்தால் எங்களுக்கும் காட்டுங்கள், மிவாகோ அக்காவை முதலில் அனுப்பிவைக்கிறோம். கண்டுபிடிக்க முடியவில்லையா? கணவாய்மீன் வாட்டித் தருகிறோம், எங்களோடு தங்கிவிடுங்கள். தற்காலிகமாகத்தான்!

மேயர் ஐயா ஏதோ சொல்கிறார். அமைதி, தோழிகளே, அமைதி.

"வர்றேன்மா. கண்டிப்பா வர்றேன். ஆனா... கட்டையை நெசமாவே போட்டுருவாங்களா?"

ஐயா, இதே கேள்வியைத்தான் நாங்கள் அக்டோபரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒதாகிரி அக்காவின் பேருந்து நகர அலுவலக வாசலில் நிற்கும். அவர் ஒரு நொடியும் பிந்தமாட்டார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்ட தாய்மார்க்கும், மணியடிக்க மறந்து எனக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தந்த தலைவி அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!