சனிக்கிழமை ஒரு மணிக்கு அடக்கம்

உக்காருங்கக்கா, உக்காருங்க. அந்தப் பைய நான் இந்தப் பக்கம் இழுத்துக்கிறேன். துப்பாக்கியெல்லாம் இல்லக்கா, கேமரா ஸ்டாண்டு. காலேஜுக்குத் திருப்பிக் குடுக்கணும், போற வழியில இங்க வந்தேன். நீங்களும் ஸ்பெயின் பஸ்ஸுக்குத்தானா? ஆளா, பார்சலா? தங்கச்சி ஆலிவ் எண்ணெய் அனுப்புதா, குடுத்து வச்சவங்க. எனக்கு ஆளு. எங்கப்பா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் வர்றாரு, அதுவும் செத்ததுக்கப்புறம்.

ஐயோ, சிலுவை போட்டுக்காதீங்க! உசுரோடதான் இருக்காரு. இப்போ அந்த பஸ்ல உக்காந்து யாரயாவது திட்டிக்கிட்டு வருவாரு, அனேகமா என்னைத்தான். சூரியகாந்தி விதை வேணுமா? கையில ஏதாவது இல்லன்னா எனக்குப் பதட்டமா இருக்கு.

நான் மீடியா படிக்கிறேன்க்கா. ரெண்டாவது வருஷம். இல்ல, டி.வி.யில செய்தி வாசிக்க இல்ல. எங்க பில்டிங்லயும் இதத்தான் கேக்குறாங்க. படம் எடுக்கிறது, வெட்டி ஒட்டுறது, அந்த மாதிரி. எங்க வாத்தியார் வெலிஸார்னு ஒருத்தர். முதல் வருஷம் கேமராவத் தொடவே விடல. அட்டையில ஒரு ஓட்டை போட்டுக் குடுத்து, ஊரெல்லாம் அது வழியா பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. நாங்க பன்னெண்டு பேரு ஒரு மாசம் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு தெருத்தெருவா அலைஞ்சோம். கரண்டு ஆபீஸ்லேர்ந்து கணக்கெடுக்க வந்திருக்கோம்னு நெனச்சு ஒரு தாத்தா மீட்டர் மேல துண்டப் போட்டு மூடிட்டாரு.

ஆனா ஒண்ணு சொல்லிக் குடுத்தாருக்கா, அத மறக்கவே முடியாது. ஒரு மூஞ்சியக் காட்டணும். சும்மா ஒரு மூஞ்சி. அடுத்தாப்ல ஒரு தட்டு சூப்பக் காட்டினா, பாக்குறவன் ஆஹா, இவனுக்குப் பசின்னு சொல்லுவான். அதே மூஞ்சிக்கு அடுத்தாப்ல சவப்பெட்டியக் காட்டினா, ஐயோ பாவம், என்ன துக்கம்ங்கிறான். அந்த ஆளு ரெண்டுலயும் ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டான். நாம பாதியத்தான் காட்டுறோம், மிச்சத்த அவனே ஒட்டிக்கிறான். இத எங்க கிளாஸ் ஓக்னியன வச்சுத்தான் செஞ்சு பாத்தோம். அவன் மூஞ்சி எப்பவும் பல்வலி வந்த மாதிரியே இருக்கும், பாவம், பிறவியே அப்படி. சூப்பக் காட்டினப்போகூட அவனுக்குப் பல்வலின்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

சரி, அப்பா சாவுக்கு வர்றேன். இந்த மாசம் ஒரு வேலை குடுத்தாரு வெலிஸார். மூணு நிமிஷப் படம். வசனமே கூடாது, ஒரு பொருள்தான் கதையச் சொல்லணும். நான் என்ன எழுதினேன்னா, ஒரு பையன் ஊர்லேர்ந்து வீட்டுக்கு வர்றான். வாசக்கதவுல சாவு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. போட்டோவப் பாக்குறான். அவன் அப்பா. அவ்வளவுதான் படம். நல்லாருக்குல்ல? ஆமா, நீங்களே பாருங்க, இந்த பஸ் ஸ்டாண்டுக் கம்பத்துலயே எத்தன நோட்டீஸ் ஒட்டியிருக்கு. நம்ம ஊர்ல வேற எந்தப் பேப்பரையும் யாரும் நின்னு படிக்கிறதில்ல, இத மட்டும் பல்கேரியால கண்ணு தெரியாதவங்ககூட நின்னு படிப்பாங்க.

ஆனா போட்டோவுக்கு எங்க போறது? கிட்டக்க எடுக்கிற ஷாட்டுல எதுவும் பொய்யா இருக்கக் கூடாதுன்னு வெலிஸார் சொல்லியிருக்காரு. பேப்பர், மை, கறுப்பு ஓரம் எல்லாம் நெசமா இருக்கணும். கண்டவங்க போட்டோவப் போட்டா கேஸு கீஸு ஆயிடும். எங்கப்பா போட்டோ வீட்டுல இருந்துச்சு. அவருதான் கேக்க மாட்டாரு, ஸ்பெயின்ல ஆரஞ்சு பறிச்சுக்கிட்டிருக்காரு. சரின்னு எடுத்துட்டுப் போனேன்.

சந்தைக்குப் பின்னாடி நோட்டீஸ் அடிக்கிற கடை தெரியுமா? அந்தம்மா போட்டோவப் பாத்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. சின்ன வயசும்மா, சின்ன வயசுன்னாங்க. சினிமாவுக்குன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள மேல சிலுவையா, சாமி கும்பிடாதவங்களுக்குப் போடுற ஓக் இலையான்னு கேட்டாங்க. சிலுவைன்னேன். பேரு? லியுபென்னு எங்கப்பா பேரத்தான் சொன்னேன், சட்டுன்னு வேற வரல. அடக்கம் என்னைக்கு? அதெல்லாம் வேணாம்மான்னேன். அப்படிப் போடாம அடிச்சா பாதி காலியாக் கெடக்கும், ஆளு பாதிதான் செத்த மாதிரி இருக்கும்னாங்க. சரி, சனிக்கிழமை ஒரு மணி, எங்க தெரு சர்ச்சுன்னு போட்டுட்டேன். ஆழ்ந்த துயரத்துடன், அன்புக் கணவர், அருமைத் தகப்பனார், எல்லாம் அவங்களே சேத்தாங்க. அந்த அருமைய எடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க பில்டிங் வாசக்கதவுலயே நோட்டீஸ ஒட்டி எடுத்தோம். எங்கம்மா பர்காஸுல சித்திக்கு முட்டி ஆபரேஷன்னு போயிருந்தா, அதனால வீட்டுலயும் கேக்க ஆளில்ல. கேமரா, லைட்டு, டைரக்‌ஷன் எல்லாம் நானு. நடிப்பு ஓக்னியன். வெங்காயத்த வேற உரிச்சுட்டு வந்திருந்தான், அழுக வரணும்னு. முதல் தடவ நடந்து வர்றப்போ பின்னாடி தண்ணி வண்டி போயிடுச்சு. ரெண்டாவது தடவ, பில்டிங் பூனை அவன் கால சுத்திச் சுத்தி வருது, துக்கத்துல இருக்கறவன் பூனைய ஒதைக்கவும் முடியாம நிக்கறான். மூணாவது தடவ நல்லா வந்துச்சு.

எடுத்துட்டு ஏன் கிழிக்கலங்கிறீங்களா? நல்ல கேள்வி. வெலிஸாரும் இதத்தான் கேட்டாரு. அது என்னன்னா, மறுநாள் காலை வெளிச்சத்துல இன்னொரு ஷாட்டு பாக்கி இருந்துச்சு. நோட்டீஸ எடுத்துட்டு மறுபடி ஒட்டினா ஒரு விரக்கடை மேலயோ கீழயோ போயிடும். ஷாட்டுக்கு ஷாட்டு நோட்டீஸ் குதிக்கும். அது பெரிய தப்புக்கா, முதல் வருஷத்துப் பசங்ககூட சிரிப்பாங்க. அதுவுமில்லாம நான் டேப்பு போடல, வால்பேப்பர் பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஓரம் சுருளக் கூடாதுல்ல.

அஞ்சு மணிக்கு ஸ்தான்கா அத்தை சந்தையிலேர்ந்து வந்துச்சு. எங்க பில்டிங்குக்கு அதுதான் தலைவி, வாசப்படி பெருக்குற முறையிலேர்ந்து யார் வீட்டுல எப்ப லைட்டு எரியுதுங்கிற வரைக்கும் எல்லாம் அது கையில. ஒரு அலறல் கேட்டுச்சு பாருங்க, எங்க நாலாவது மாடி வரைக்கும். வந்து கதவத் தட்டுச்சு, தொறந்தேன், வாயத் தொறக்கறதுக்குள்ள என் மூஞ்சிய அது நெஞ்சோட வச்சு அமுக்கிடுச்சு. மூச்சே விட முடியல. அழுதுடு ஸோர்னிட்சா, அடக்கி வைக்காத, அழுதுடுன்னு முதுகுல குத்துது. மூச்சு முட்டி எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பாத்தியா, புள்ளைக்கு இப்பத்தான் அழுக வருதுன்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லுச்சு. அரை மணி நேரத்துல கதவுல கறுப்பு ரிப்பன். அடுத்த அரை மணியில எங்க பேட்டையோட பேஸ்புக் பக்கத்துல நோட்டீஸோட படம்.

சொல்லியிருக்கலாம்க்கா, சொல்லியிருக்கலாம். நீங்க ஸ்தான்கா அத்தை கையில சிக்கியிருந்தா தெரியும்.

மறுநாள் காலையில ஓக்னியன் ஷூட்டிங்குன்னு வந்தான். வாசல்லயே புடிச்சுட்டாங்க. நீதான் மாப்பிள்ளை ஆகப் போறவனா, எவ்வளவு உடைஞ்சு போயிருக்கான் பாரு, இவனுக்கே இவ்வளவு துக்கம்னா அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்னு ஆளாளுக்குக் கட்டிப்புடிக்கிறாங்க. அவன் ஒண்ணும் பண்ணல, சும்மா நின்னான். அவன் மூஞ்சிய நோட்டீஸுக்குப் பக்கத்துல பாத்தாங்க, அவ்வளவுதான். வெலிஸார் சொன்னதெல்லாம் சரின்னு அப்பதான் எனக்கு முழுசாப் புரிஞ்சுச்சு.

ஒரு மணிக்கு சர்ச்சு. ஸ்தான்கா அத்தை அதோட கறுப்பு கோட்ட எனக்கு மாட்டி விட்டுடுச்சு, பூச்சி உருண்டை நாத்தம். எங்க பில்டிங்கு, அப்பாவோட பழைய பஸ் டிப்போக்காரங்க ரெண்டு பேரு, எல்லாம் சேத்து பதினாலு பேரு. எல்லாரு கையிலயும் சாவுக்குக் கொண்டு போற மாதிரி ரெட்டப்படையில பூ. அத்தை ராத்திரி முழுக்க, செத்தவங்க பேர்ல குடுக்கிற கோதுமைய அவிச்சு, சர்க்கரை, வாதுமைக் கொட்டையெல்லாம் போட்டுத் தட்டுல கொண்டாந்திருக்கு. பாதிரியார் நோட்டப் புரட்டுறாரு, பேரு இல்ல. சவப்பெட்டி எங்கேம்மாங்கிறாரு. ஸ்பெயின்லேர்ந்து வந்துக்கிட்டிருக்கும் சாமின்னு அத்தை சொல்லுது. அப்ப யார புதைக்கக் கூப்பிட்டீங்கங்கிறாரு.

அப்பதான் அத்தையோட போன் அடிச்சுச்சு. எடுத்துப் பாத்துச்சு. கோதுமைத் தட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டே மத்த கையால போன பாதிரியார் கையில வச்சுட்டு, அப்படியே படியில உக்காந்துடுச்சு. பாதிரியார் காதுல வச்சு, யாருப்பாங்கிறாரு. எங்கப்பா குரல் வெளிய வரைக்கும் கேக்குது. நான்தான் லியுபென், எனக்கு இன்னைக்கு ஒரு மணிக்கு அடக்கமாமே! பாதிரியார் கைக்கடிகாரத்தப் பாத்துட்டு, ஒண்ணு இருபது ஆச்சேப்பான்னாரு.

சிரிங்க, சிரிங்க. அங்க யாரும் சிரிக்கல. பதினாலு பேரும் திரும்பி என்னைத்தான் பாத்தாங்க. சினிமாவுக்காக அடிச்ச நோட்டீஸ்னு சொன்னேன். ஸ்தான்கா அத்தை கொன்னுடும்னு நெனச்சேன். அது எந்திரிச்சு, பாவாடையத் தட்டிவிட்டு, அவிச்ச கோதுமை வீணாப் போகக் கூடாது, எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்குங்கன்னுச்சு. அப்புறம் என் காதுக்கிட்ட வந்து, படத்துல நானும் வர்றேனான்னு கேட்டுச்சு.

என் போனுக்கு ஏன் அடிக்கலங்கிறீங்களா? அடிச்சிருக்காரு, பதினேழு தடவ. ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். ஷூட்டிங்குல போன் ஆஃபுல இருக்கணும், அது விதி. ஆமா, வெள்ளிக்கிழமையிலேர்ந்துதான். அது... மறந்துட்டேன்.

பாதிரியார் போன எங்கிட்ட குடுத்தாரு. பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில பேஸ்புக்கப் பாத்திருந்த யாரோ நம்மூர்க்காரன் இவரப் பாத்து சிலுவை போட்டுக்கிட்டு ஓடினானாம், அப்படித்தான் விஷயம் தெரிஞ்சிருக்கு. முதல்ல கத்தினாரு, நான் போனக் காதுலேர்ந்து தள்ளி வச்சுக்கிட்டேன். அப்புறம், எந்த போட்டோடி போட்டேன்னாரு. உன் தோள்ல நான் உக்காந்திருப்பேனே அது, என்னை மட்டும் வெட்டி எடுத்துட்டேன்னேன். அதுல எனக்கு முடி நெறைய இருக்கும்ல, அப்படின்னாரு. கடைசியா கேட்டாரு, யாராச்சும் வந்திருக்காங்களாடின்னு. நான் ஒவ்வொரு பேராச் சொன்னேன். பதினாலும் சொல்லி முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்தாரு. அப்புறம், அந்த நோட்டீஸ எவனும் தொடக்கூடாது, நானே வந்து கிழிக்கிறேன்னு வச்சுட்டாரு. அது இன்னும் கதவுலதான் இருக்கு. மழையில நனையக் கூடாதுன்னு ஸ்தான்கா அத்தை மேல பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கு.

அம்மாவா? ஆபரேஷன் நேரத்துல சொல்ல வேணாம்னு அவளுக்கு யாரும் போன் போடல, ஞாயித்துக்கிழமை வந்தா. வாசல்ல நோட்டீஸப் பாத்தவ அப்படியே பையப் போட்டுட்டு உக்காந்துட்டா. என்னைப் பொறுத்தவரைக்கும் அவன் எப்பவோ செத்துட்டான்னு ஆறு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தவ, கையால வாயப் பொத்திக்கிட்டு அழறாக்கா. நான் ஓடிப் போயி பொய்யி, பொய்யின்னேன். ஒரு அறை விட்டா, இந்தக் காது இன்னும் ஙொய்ங்குது. சாப்புடறப்போ கேக்குறா, ஏண்டி, போன்ல குரல் எப்படி இருந்துச்சுன்னு. இன்னைக்குக் கூப்பிட்டேன், வரல. வேலை இருக்காம். காலையிலேர்ந்து பால்கனியில குடமொளகா சுட்டுக்கிட்டிருக்கா. அவருக்குப் புடிக்கும்னு இல்லயாம், சீசனாம். தலைக்கு டை அடிச்சிருக்கா, அதுவும் சீசன் போல.

கோவம் இல்லாம இருக்குமாக்கா? வருஷா வருஷம் இந்தக் கோடையில வர்றேன்பாரு. ஒரு வருஷம் முதுகு வலி, ஒரு வருஷம் அறுவடை. ஸ்கூல் முடிஞ்ச விருந்துக்கு ஊரே குடும்பத்தோட வந்து நின்னுச்சு, அப்பாவோட போட்டோ எடுக்கறதுக்கு வரிசை. இவரு செருப்பு அனுப்பினாரு. நல்ல செருப்பு, வெள்ளி கலரு. அவரு போறப்போ என் கால் என்ன அளவோ, அந்த அளவு.

அதோ திரும்புது பாருங்க, அதுதானே? நீல பஸ்ஸு. ஆமா, அதுதான். உங்க பார்சல் பின்பக்கம் டிக்கியில இருக்கும், முதல்லயே போயி நில்லுங்க. நான் எப்படி இருக்கேன்? விதைத் தோலு ஒட்டியிருக்கா மூஞ்சியில?

படமா? வெலிஸாரும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு, எடுத்ததக் காட்டு, காட்டுன்னு. ஓக்னியனுக்கே இன்னும் தெரியாது, பாவம், வெங்காயமெல்லாம் உரிச்சான். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. அன்னைக்குக் கேமராவுல நான் மெமரி கார்டே போடல.