'ஓடு' என்றது முனியம்மா

ஓடவில்லை. நிற்கிறேன். ரங்கூன் அரிசி ஆலை முற்றம். நாற்பத்தொன்றாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணி. தலைக்கு மேல் வெள்ளி வெள்ளியாக ஏரோப்ளேன்கள். தேர் பார்ப்பதுபோல் ஊரே தெருவில் அண்ணாந்து நிற்கிறது. அந்த முட்டாள்களில் நானும் ஒருத்தி.

நீளமாக ஒரு விசில் சத்தம்.

"ஓடுடி எல்லம்மா! பாத்துகினு நிக்காத!"

அக்கா முனியம்மாவின் குரல். கூடவே முதுகில் ஒரு தள்ளு. சாக்கடையில் விழுகிறேன். மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். பிறகு சத்தம். பிறகு காது கேட்கவில்லை. எழுந்து பார்த்தேன். அக்கா குப்புறக் கிடந்தாள். புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

பாதி நடந்தும் பாதி வண்டி ஏறியும் செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். ஞானஸ்நானம் பெற்றேன். எஸ்தர் ஆனேன். நம்பித்தான் ஆனேன். அதில் பொய் இல்லை. பொய் பிறகு வந்தது.

வருடா வருடம் மாமல்லபுரம் கடற்கரையில், சவுக்குத் தோப்பில் எங்கள் சபையார் பந்தல் போடுவார்கள். ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவரின் ஒளி தங்களைத் தொட்ட நாளைச் சாட்சி சொல்ல வேண்டும். உபதேசியார் ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்ப்பார். எங்கே அழ வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தருவார். சாட்சி சொல்பவர் முகம் பிரகாசிக்க வேண்டுமாம். பட்டப்பகலில் பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு எரியும். பரலோக ஒளிக்கே மண்ணெண்ணெய் ஊற்றிய மனிதர்.

என் வெளிச்சம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குரல்தான் உறுத்தியது.

"அக்காவெல்லாம் வேணாம்மா. அவுங்க அஞ்ஞானியா செத்தவுங்க. ஆண்டவர் கூப்ட்டாருன்னு சொல்லு."

சொன்னேன். ஏழு வருடம் சொன்னேன். குண்டு வெளிச்சத்தைத் தேவ ஒளி ஆக்கினேன். அக்காவின் குரலைப் பிடுங்கி ஆண்டவருக்குக் கொடுத்தேன். சபை சரியான இடத்தில் அழுதது. எனக்கு முதல் வரிசையில் பாய் கிடைத்தது. கடைசியில் ரங்கூனில் மாண்டவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும். முனியம்மா பெயர் ஒருமுறையும் வரவில்லை. நானும் தலை குனிந்து ஆமென் சொன்னேன். இப்படி ஒரு தங்கை.

ஐம்பத்து மூன்றாம் வருடம். மறுபடி எழுந்து நிற்கிறேன். பெட்ரோமாக்ஸ் புஸ்ஸென்று இரைகிறது. "'ஓடு மகளே' என்று ஒரு குரல்" என்கிறேன். மகளே. அங்கே யார் என்னை மகளே என்றது? வாய் நின்றுவிட்டது.

"ஆண்டவர் இல்ல. எங்க அக்கா. என்னைத் தள்ளிவுட்டுட்டு அவ செத்தா. நான் அவள வுட்டுட்டு ஓடியாந்தேன்."

உபதேசியார் சட்டென்று பாட்டை எடுத்தார். அவருக்கு வேறென்ன தெரியும். யாரும் கூடச் சேரவில்லை. மீன் விற்கும் பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"உங்க அக்கா பேரு இன்னாம்மா?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். சொன்னேன். ஒளி தொட்டால் முகம் மினுங்கும் என்றார்கள். தொட்டது. எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் உள்ளே நான் யார் என்பது பளிச்சென்று தெரிந்தது. என் மனம் திரும்பியது அன்றைக்குத்தான். அக்காவை ஆண்டவர்தான் அனுப்பினார் என்றால், முனியம்மா என்ற பெயரோடுதான் அனுப்பினார்.

என்னென்ன இழந்தேன் என்று கேட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். போனவை: ஆலைக் குடிசை ஒன்று. தகரப் பெட்டி ஒன்று. அதற்குள் புடவை இரண்டு, ஒன்று அவளுடையது. முதல் வரிசைப் பாய் ஒன்று. போன உயிர் ஒன்று. முனியம்மா. வயது இருபத்துமூன்று. அடக்கம் செய்ய ஆள் இல்லை. இருந்த ஒருத்தி ஓடிவிட்டாள்.