மாற்றிப் பார்க்காத ஒன்று

பூனைக்குட்டிகள் வந்து போகும் வீட்டில் வெளிர் நிறத் தரைவிரிப்பு போடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இப்போது கால் வைத்திருக்கும் இடத்தில் ஒன்று இருந்தது. பாலேட்டு நிறம், ஓரத்தில் நீலக் கோடு. துவைத்துத் துவைத்து முதலில் நீலக் கோடு போனது, பிறகு நிறம் போனது. கடைசியில் தம்பி அதைச் சுருட்டி வாசலில் சாய்த்துவிட்டு, "பாவம்க்கா, இருந்தவரைக்கும் கௌரவமா இருந்துச்சு" என்றான்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர்கள். காப்பகம் உங்களுடையது, குட்டிகளும் உங்களுடையவை, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. டீ ஆறுகிறது. குடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். வீட்டிலிருந்தே வேலை. பகல் முழுக்க ஆள் இருக்கும் வீடு என்றுதானே என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கடைத்தெருவில் அட்டைப்பெட்டியோடு கிடந்த மூன்று குட்டிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, "தேறினதும் சொல்லுங்க, நல்ல வீடா பாத்து அனுப்பிடலாம்" என்றீர்கள். மூன்றுக்கும் கழிச்சல். கூடையைத் திறந்ததும் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கே போய்விட்டான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு அவனே இறங்கி வந்தான். அவனுக்கு இளகிய மனசு. வாலைப் பார்த்துப் பெயர் வைத்தவனும் அவன்தான். லேசாக வளைந்த வால் கமா. நன்றாகச் சுருண்டது கேள்விக்குறி. வாலே இல்லாமல் ஒரு முண்டு மட்டும் இருந்த சின்னக் குட்டி முற்றுப்புள்ளி. "உன் வேலைக்கு ஏத்த பிள்ளைங்கக்கா" என்றான்.

தம்பியைத் தெரியும் உங்களுக்கு. தெருவில் அவனுக்குக் கப்பல் என்று பெயர். கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் படித்து, வேலையும் கிடைத்து, இன்னும் கப்பல் ஏறாதவன். ஏறுவதற்கு முன் உடம்பைச் சோதித்துப் பார்ப்பார்கள். முதல் தடவை சோதனைக்கு முந்தைய நாள் அவனுக்கு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வயிறு சரியில்லை. மூலைக்கடைக்காரர் அவனைப் பார்த்தால் விடமாட்டார். "என்னப்பா, கப்பல் இன்னும் கரையிலதானா?" என்பார். இவன், "நங்கூரம் மாட்டிக்கிச்சுண்ணே" என்று சிரிப்பான்.

குட்டிகளுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் இருந்தது உண்மையான நோய். அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் குணப்படுத்தியது நான்தான். கால்நடை டாக்டர் மலத்தைச் சோதித்துப் பூச்சி இருக்கிறது என்றார். மருந்து கொடுத்தேன். வேகவைத்த பூசணியை மசித்துச் சாப்பாட்டில் துளி கலந்தேன். ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தேன். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று பார்க்கக் கழுத்துத் தோலை லேசாகத் தூக்கிவிட வேண்டும்; உடனே படிந்தால் நல்லது, கூடாரம் மாதிரி நின்றால் ஆபத்து. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பின்பக்கம் துடைக்க வேண்டும். தாய் நக்கிவிடுவதுபோல, ஒரே திசையில். டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கைராசிம்மா" என்றார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. ரெண்ட மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அச்சுப் படியிலும் அப்படித்தான். இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் கைவைத்தால் மூன்றாவது இடத்தில் பிழை முளைக்கும்.

தினமும் குட்டிகள் மலம் போனதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவோம். "சாப்பிடுற நேரத்துல அனுப்பாதீங்கம்மா, என் மனைவி என் போனத் தூக்கி வெளிய எறியப் போறா" என்று கெஞ்சுவார். தம்பி வேண்டுமென்றே சரியாக ஒரு மணிக்கு அனுப்புவான். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். அவன் பெரியவனாகி, வெளியே போய்வர ஆரம்பித்து, கதவைச் சாத்திக்கொண்டு போன் பேச ஆரம்பித்தபிறகு இந்த வீட்டில் நான் இவ்வளவு சிரிப்பைக் கேட்டதில்லை. மூன்று குட்டிகளின் வயிற்றுக்கோளாறு எங்கள் இரண்டு பேரையும் ஒரே தரையில் உட்காரவைத்தது.

மூன்றாவது சோதனைக்குக் கடிதம் வந்தது அப்போதுதான். அவன் அதைப் படித்துவிட்டுக் கேள்விக்குறியின் காதைச் சொறிந்தபடி, "தேதி தள்ளிக் கேட்டிருக்கேன்க்கா. இதுங்க தேறட்டும், அப்புறம் நான் கிளம்பறேன்" என்றான்.

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னவன் அவன்.

குட்டிகள் தேறின. ஒருநாள் மத்தியானம் அவன் கூவுகிறான், "அக்கா, ஓடி வா. கமா போட்டிருக்கறதப் பாரு. சும்மா செங்கல் மாதிரி. வீடே கட்டலாம்." போய்ப் பார்த்தேன். உண்மைதான், மூன்றுமே கெட்டியாகப் போயிருந்தன. படம் எடுத்தோம். டாக்டர் பதிலுக்குப் போனில் கைதட்டும் பொம்மை அனுப்பினார். தம்பி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினான். துடைக்கத் துணி கேட்டான். கொடுத்தேன். முற்றுப்புள்ளி பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் சமையலறைக்குப் போனேன். என் காபிக்காக எடுத்துவைத்த பால் அங்கே இருந்தது.

சின்னக் கரண்டிதான். ஆளுக்கு ஒன்று.

பூனைக்குப் பால் வைப்பது குற்றம் என்று எந்தக் குழந்தைப் பாட்டிலும் இல்லை. குட்டிகளுக்குப் பசும்பால் செரிக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை. அவை ஆசையாகக் குடித்தன. குடித்துவிட்டு என் விரலையும் நக்கின. வற்புறுத்தி எதையும் வாயில் ஊற்றியவள் இல்லை நான்.

மறுநாள் பெட்டி மறுபடி பரணுக்குப் போனது.

அப்புறம் சில வாரங்கள் நாங்கள் டாக்டரின் சட்டப்படி நடந்தோம். முதலில் சாப்பாட்டை மாற்றினார். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பொறுமையாகத்தான் மாற்றினோம். பிறகு தட்டுகளை மாற்றினோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தோம். மணல்தட்டை மாற்றினோம், படுக்கைத் துணியை மாற்றினோம், மறுபடி பூச்சிமருந்து கொடுத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் முழு மனதோடு ஒத்துழைத்தேன். பால் கொடுக்காத நாட்களும் உண்டு. தம்பி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தால் நிறுத்திவிடுவேன். அவன் முகம் தெளிந்து, பரணைப் பார்க்க ஆரம்பித்தால் கரண்டியை எடுப்பேன். இதில் ஒரு அளவு இருந்தது. கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

முற்றுப்புள்ளி மூன்றிலும் சின்னது. மற்ற இரண்டுக்கும் கொடுத்த அதே கரண்டியை அதற்கும் கொடுத்துவந்தேன். இப்போது யோசித்தால் அதற்கு மட்டும் அரைக்கரண்டி போதும் என்று படுகிறது. என் கவனக்குறைவு. ஒரு காலையில் அதன் கழுத்துத் தோலைத் தூக்கிவிட்டேன். படியவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தம்பி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "இரு, இரு, வந்துட்டோம், இரு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். போய்ச் சேரும்போது அவன் ஒருவன்தான் பேசிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினோம். உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "உங்க மேல தப்பு இல்லம்மா, மனச விட்டுடாதீங்க" என்றீர்கள். அன்பான வார்த்தை. தம்பி அந்த வாரம் முழுக்க வெளியே போகவில்லை. எல்லா வேளையும் என்னோடுதான் சாப்பிட்டான். ஒருநாள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. ஒரு குட்டியின் சாவு வீட்டுக்கு எதையும் தராமல் போவதில்லை.

அப்புறம்தான் டாக்டர் வீட்டுக்கே வந்தார். இங்கே, இதே நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், தண்ணீரை முகர்ந்தார், படுக்கைத் துணியை உதறினார். கமா அவர் காலணிக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பாதி விளையாட்டாகச் சொன்னார்:

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சும்மா. மாத்தாதது உங்கள மட்டும்தான்."

நான் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான், சீக்கிரம் நிறுத்திவிட்டான்.

டாக்டர் இரண்டு குட்டிகளையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். "அதே சாப்பாடு, அதே தட்டு. வீட்ட மட்டும் மாத்திப் பாக்கறேன்" என்றார். கூடையை வண்டிவரை கொண்டுபோய்க் கொடுத்தவன் தம்பி. திரும்பி வந்து, "எனக்கும் தேதி வந்துருச்சுக்கா, நாளன்னைக்கு" என்றான். பெட்டி பரணிலிருந்து எப்போது இறங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனுக்குக் காய்கறி சூப் வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்திருப்பான். போன் அடித்தது. டாக்டர் படம் அனுப்பியிருந்தார். சரியாகச் சாப்பிடும் நேரத்தில், பழிக்குப் பழி. கூடவே எழுதியிருந்தார்: 'ரெண்டுமே செங்கல்.' அவன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, இந்த சூப்புல என்ன இருக்கு?"

"காய்கறி."

"வேற?"

"உப்பு, மிளகு."

"வேற?"

நான் பொய் சொல்வதில்லை. கேட்காததைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மூன்றாவது தடவை அவன் கேட்டதால் சொன்னேன். மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொடிதான். நிறம் கிடையாது, சுவை கிடையாது. முதல் சோதனைக்கும் அதுதான். இரண்டாவதுக்கும் அதுதான். அதற்கு முன்னால் பள்ளிச் சுற்றுலா, நண்பன் கல்யாணம், ஒரு பெண் வீட்டுக்கு அவன் முதல்முறை சாப்பிடப் போக இருந்த நாள். கேட்டவன் கேட்டுவிட்டான் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. கத்துவான் என்று நினைத்திருந்தேன்.

"போன தடவ ஆஸ்பத்திரில செத்துருவேன்னு நெனச்சேன்க்கா. நீ என் காலப் புடிச்சுக்கிட்டு அழுத."

"நிஜமாத்தான்டா அழுதேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவன் எழுந்து சூப்பைத் தொட்டியில் கொட்டினான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான், நல்ல வளர்ப்பு. மேசையில் நான் வைத்திருந்த தண்ணீரைத் தொடவில்லை. குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும் வழியில்தான் உங்களிடம் வந்து சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். முற்றுப்புள்ளிக்காக வந்திருப்பான், தனக்காக வந்திருக்கமாட்டான். அவனுக்கு இளகிய மனசு என்று முதலிலேயே சொன்னேனே.

சோதனையைத் தள்ளிவைத்து, தேறி, இந்தத் தடவை கப்பல் ஏறிவிட்டான். மூலைக்கடைக்காரர் என்னிடம், "கடைசில நங்கூரத்தத் தூக்கிட்டாங்க போல" என்றார். ஆமாம் என்றேன்.

ஆக, நீங்கள் கேட்டது இதுதான். பால் கொடுத்தது நான். குட்டி செத்தது அதனால்தான். தம்பிக்கும் நான்தான் கொடுத்தேன். இதில் பிழை திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவை நோயாக இருந்தபோது என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டவர் யாராவது உண்டா? மணல்தட்டையும் படுக்கைத் துணிகளையும் எடுத்துப்போக வந்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. கழுவி வைத்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் கழிச்சலோடு வந்தால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

கமாவும் கேள்விக்குறியும் ஒரே வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கொழுகொழுவென்று இருக்கின்றனவாம். இருக்கட்டும். போன புதிதில் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

தம்பியும் மூலைக்கடைக்காரருக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அவர் காட்டினார். கப்பல் சமையலறையில் தட்டு நிறையச் சாப்பாட்டோடு நிற்கிறான், கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. ஏறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வயிறு வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். பாவம், எனக்குத் தெரிந்தால் கவலைப்படுவேன் என்று மறைக்கிறான்.