நிக்காத பலூன்

இவ்வளவு நேரம் நன்றி, நன்றின்னு தொண்டை கிழியப் பாடினோம்... உட்காருங்க. ஆண்டவருக்கு நன்றி, சரி. மனுஷங்கள்ல யாருக்குன்னு கேட்டா? முழிக்கிறீங்க. உங்களுக்காகவே ஒரு சின்னக் கதை எடுத்துட்டு வந்திருக்கேன்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் கம்பெனி. அரிசிக் குருணை மாதிரி இருக்குற பிளாஸ்டிக் குருணையை உருக்கி, காத்து ஊதி, ஆள் உயரத்துக்கு மேல பலூன் மாதிரி நிறுத்துவாங்க. அது ஆறினா கவர். அந்த மிஷின்ல பகல் ஷிப்டு இருதயராஜ், அடுத்த ஷிப்டு சற்குணம். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. மிஷினைத் தொடைக்காமப் போறான்னு அவன் இவனைச் சொல்வான், இவன் அவனைச் சொல்வான். நம்ம வீட்டு மாமியார் மருமக... வேண்டாம், அந்தப் பக்கம் நான் போகல.

ஒருநாள் புதுக் குருணை மூட்டையைப் பிரிச்சு இருதயராஜ் ஓட்டுறான். பலூன் நிக்கல. சரியுது... கிழியுது. சூட்டைக் குறைச்சான், காத்தைக் கூட்டினான்... ம்ஹூம். முதலாளி வேலாயுதம் வந்து பாத்தாரு. "குடிச்சிட்டு வந்தியாய்யா? போதும், நாளையில இருந்து வராத." கைக்குழந்தைக்காரன். வேற தொழில் தெரியாது. செருப்பை மாட்டுறான்.

அந்த நேரம் பாத்து சற்குணம் உள்ள வர்றான். "வாய்யா, இனி இந்த மிஷின் உனக்குத்தான்"ங்கிறாரு முதலாளி. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மனசுல கை வச்சுச் சொல்லுங்க... சற்குணம் சொன்னான், "மொதலாளி, எனக்கும் அவனுக்கும் ஆகாதுதான். ஆனா அவன் தொழில்ல தப்பு வராது. குருணையை ஒருக்கா லேபுக்கு அனுப்புங்க. தப்பு அவன் மேலன்னு வந்தா என்னையும் சேத்து அனுப்பிருங்க."

லேப்ல நூர்ஜஹான்னு ஒரு மேடம். பழசையும் புதுசையும் உருக்கி ஒழுக விட்டாங்க. ஒரே மாதிரி ஒழுகுது. அடர்த்தி பாத்தாங்க. அதுவும் ஒண்ணுதான். முதலாளி "பாத்தியா?"ன்னு சற்குணத்தை முறைக்கிறாரு. அந்தம்மா விடல. ரெண்டையும் சூட்டுல கரைச்சு, கண்ணாடிக் குழாய்ல ஊத்தி, பெரிய காந்தத்துக்குள்ள இறக்கினாங்க. என்.எம்.ஆர்.னு பேரு. உள்ளுக்குள்ள எது எப்படி இருக்குன்னு காட்டிக் குடுத்துரும்.

"சார், பிளாஸ்டிக்னா நீளநீளமான சங்கிலி. பழைய குருணையில சங்கிலிக்குப் பக்கவாட்டுல நீளக் கிளை இருக்கு. உருகுனாலும் ஒண்ணையொண்ணு பின்னிப் பிடிச்சுக்கும், பலூன் நிக்கும். உங்களுக்கு மூட்டை மாறி வந்திருக்கு சார். இதுல இருக்கறது எல்லாம் குட்டைக் கிளை. உங்க மிஷின்ல யார் ஓட்டினாலும் சரியும்."

முதலாளி திரும்பக் கூப்பிட, மறுநாள் வேலைக்கு வந்த இருதயராஜ், சற்குணத்தோட கையைப் பிடிச்சான். பேச்சு வரல. சற்குணம் என்ன சொன்னான் தெரியுமா? "சரி சரி, கையை விடு. மிஷினைத் தொடச்சியா?"

சிரிங்க... சிரிச்சுட்டு யோசிங்க. நீங்க இன்னைக்குச் சரியாம நிக்கிறீங்களே, யாரால? சூடு தாங்காம நீங்க உருகின அன்னைக்கு, பக்கவாட்டுல இருந்து ஒரு கை உங்களைப் பிடிச்சிருக்கு. அது உங்களுக்குப் பிடிக்காத ஆளோட கையாக்கூட இருக்கலாம். நீங்க இல்லாத இடத்துல உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டு, உங்ககிட்ட சொல்லிக்காமலே இருப்பாரு. நான் நிக்கிறதும் அப்படி ஒருத்தராலதான். நினைச்சா இப்பவும் நெஞ்சு நிறையுது.

அந்த ஆள் இந்தக் கூட்டத்துலயே, கடைசி வரிசையில உக்காந்திருக்கலாம். முடிஞ்சதும் செருப்பைத் தேடி ஓடாதீங்க. அவர்கிட்ட போங்க. கையைப் பிடிங்க. பேச்சு வரலைன்னா பரவாயில்ல.